இடமாற்றம் உள்ளவரின் விந்தணுவில் எதை எண்ண வேண்டும்? ஆய்வகங்களுக்கும் கருத்தரிப்பு மையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

விந்தணு ஃபிஷ் (ஒளிரும் குறிகளால் விந்தணுவின் குரோமோசோம்களை எண்ணும் சோதனை) அறிக்கை தரும் மரபியல் ஆய்வகங்களின் இயக்குநர்களே, அந்தச் சோதனையை எழுதிக்கொடுக்கும் கருத்தரிப்பு மையங்களின் தலைமை மருத்துவர்களே,

4-ஆம் குரோமோசோமின் நீண்ட கை நுனியும் 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை நுனியும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும் ஒருவர் உங்களிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவிக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்திருக்கிறது. நீங்கள் அவருடைய விந்தணுவில் 13, 18, 21, எக்ஸ், ஒய் என்ற ஐந்து குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து, "இயல்பு வரம்புக்குள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறீர்கள். 4-ஐ யாரும் பார்க்கவில்லை. 9-ஐயும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் தம்பதியின் கையில் இருப்பது "இயல்பு" என்ற சொல். விந்தணுவில் குறை இல்லை என்று நம்பி அவர்கள் அடுத்த முயற்சிக்குத் தயாராகிறார்கள்.

இந்த மாதிரி அறிக்கைகள் செல் மரபியல் பிரிவுகளில் வேலை செய்யும் எங்கள் மேசைக்குத் தொடர்ந்து வருகின்றன. ஒவ்வொருவரின் இடமாற்றத்துக்கும் ஏற்பப் புரோப் (குரோமோசோமின் குறிப்பிட்ட பகுதியில் ஒட்டி ஒளிரும் டிஎன்ஏ துண்டு) தேர்ந்தெடுத்து, குரோமோசோம்கள் எப்படிப் பிரிந்து விந்தணுவுக்குப் போயின என்று பார்க்கும் பிரிகைப் பகுப்பாய்வைச் சோதனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஐந்து குரோமோசோம் தொகுப்பு போதும் என்று சில இடங்களில் முடிவு செய்திருக்கிறார்கள். இந்த முடிவை எங்களால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு வைக்கிறோம். உங்களுக்குத் தெரிந்த அடிப்படைகளையும் சில இடங்களில் சொல்லியிருக்கிறோம். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே காரணம்.

இரு குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொண்ட நிலை ஏறத்தாழ 500 முதல் 600 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இரண்டு குரோமோசோம்களின் நீண்ட கைகள் சென்ட்ரோமியர் பகுதியில் (குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடம்) ஒட்டிக்கொள்ளும் ராபர்ட்சோனியன் வகை ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவருக்கு. விந்தணு எண்ணிக்கை குறைந்த ஆண்களிடம் இவை இதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காணப்படுகின்றன. இவர்கள் உடல்நலத்தோடு இருப்பார்கள், ஏனென்றால் மரபுப்பொருளில் எதுவும் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சிக்கல், விந்தணு உருவாகக் குரோமோசோம்கள் பாதியாகப் பிரியும் குன்றல் பகுப்பில் தொடங்குகிறது. இயல்பாக இரண்டிரண்டாக இணை சேர வேண்டியவை, இங்கே நான்கும் ஒன்றாகச் சேர்ந்து சிலுவை வடிவில் நிற்கின்றன. ராபர்ட்சோனியன் வகையில் மூன்று சேர்கின்றன. பிரியும்போது எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே பக்கம் போனால், அந்த விந்தணுவில் ஒன்று இயல்பான ஜோடி இருக்கும், அல்லது தந்தையிடம் உள்ளதைப் போன்ற சமநிலை இடமாற்றம் இருக்கும். இது மாற்றுப் பிரிகை. பக்கத்தில் இருப்பவை சேர்ந்து போனால் ஒரு துண்டு கூடும், இன்னொரு துண்டு குறையும். இதில் இரண்டு வகை உண்டு: சென்ட்ரோமியர் வேறு வேறாக இருக்கும் இரண்டு சேர்ந்து போவது முதல் வகை அடுத்துப் பிரிகை, ஒரே சென்ட்ரோமியர் உள்ள இரண்டும் சேர்ந்து போவது இரண்டாம் வகை. சில செல்களில் மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போகும். அபூர்வமாக நான்கும் ஒரே பக்கம் போகும்.

பரிமாற்ற இடமாற்றம் உள்ளவர்களின் விந்தணுக்களில் சமநிலையற்றவை சராசரியாகப் பாதியைத் தாண்டும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும்: ஒருவருக்கு 20 விழுக்காட்டை ஒட்டி, இன்னொருவருக்கு 80 விழுக்காட்டை ஒட்டி. ராபர்ட்சோனியன் வகையில் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு. இயல்பான காரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் காட்டும் படம்) உள்ள ஆணிடம் ஒரு குரோமோசோம் இரட்டிப்பாக இருக்கும் விந்தணு, குரோமோசோம் ஒன்றுக்கு, சுமார் 0.1 விழுக்காடு. உங்கள் தொகுப்பு தேடுவது இந்த 0.1-ஐ. அந்த ஆணின் குடும்பத்தைப் பாதிப்பதோ 20-க்கும் 80-க்கும் இடையே எங்கேயோ இருக்கும் எண். அதைப் பார்க்காமலே அறிக்கை முடிகிறது.

இடமாற்றம் மற்ற குரோமோசோம்களின் பிரிகையையும் குலைக்கலாம், அதைத்தான் தொகுப்பு பார்க்கிறது என்று ஒரு வாதம் வரும். அந்த விளைவு எல்லோரிடமும் காணப்படுவதில்லை. ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமையும் இல்லை. காணப்படும் இடங்களிலும் அது சிறியது. முதன்மையான கேள்வியை விட்டுவிட்டுத் துணைக் கேள்விக்கு விடை எழுதுவதை அது நியாயப்படுத்தாது.

ராபர்ட்சோனியன் வகையிலும் இதே கதைதான். 13-உம் 14-உம் ஒட்டியதே இவ்வகையில் மிகப் பரவலானது. உங்கள் தொகுப்பில் 13 இருக்கிறது, 14 இல்லை. 13 கூடிய, குறைந்த விந்தணுக்கள் தெரியும்; 14 கூடியவையும் குறைந்தவையும் இயல்பான கணக்கில் சேர்ந்துவிடும். பாதிப் பிழையை மறைக்கும் சோதனை அது. 11-க்கும் 22-க்கும் இடையிலான இடமாற்றம் உறவில்லாத குடும்பங்களில் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. அதில் மூன்றுக்கு ஒன்று பிரிகையால் சிறிய மாறிய 22 (துண்டு பரிமாறிய பிறகு உருவான 22) கூடுதலாக வந்து சேர்ந்தால், குழந்தை பிறவிக் குறைகளும் வளர்ச்சிக் குறைபாடும் உள்ள எமானுவேல் நோய்க்குறியோடு பிறக்கலாம். தொகுப்பில் 11-உம் இல்லை, 22-உம் இல்லை.

எதை எண்ண வேண்டும் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. முன்சொன்ன 4, 9 எடுத்துக்காட்டுக்கு மூன்று புரோப் போதும்: 4-இன் சென்ட்ரோமியருக்கு நீலம், 4-இன் நீண்ட கை நுனிக்குப் பச்சை, 9-இன் குட்டைக் கை நுனிக்குச் சிவப்பு. நீலம், பச்சை, சிவப்பு ஒவ்வொன்றாக இருந்தால் மாற்றுப் பிரிகை. நீலம் ஒன்று, பச்சை இரண்டு, சிவப்பு இல்லை என்றாலும், நீலம் ஒன்று, சிவப்பு இரண்டு, பச்சை இல்லை என்றாலும் முதல் வகை அடுத்துப் பிரிகை. பச்சையும் சிவப்பும் ஒவ்வொன்றாக இருக்க, நீலம் இரண்டாகவோ இல்லாமலோ இருந்தால் இரண்டாம் வகை. மூன்று நிறங்களின் மொத்தம் கூடியோ குறைந்தோ வரும் மற்றச் சேர்க்கைகள் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று பிரிகையைச் சேர்ந்தவை.

இங்கே இரண்டு இடங்களில் அறிக்கைகள் வழுக்குகின்றன. முதலாவது, இந்த மூன்று புரோப்பால் இயல்பான விந்தணுவையும் சமநிலை இடமாற்றம் உள்ள விந்தணுவையும் பிரித்தறிய முடியாது. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஆகவே "45 விழுக்காடு இயல்பு" என்று அச்சிடுவது தவறு. "இயல்பு அல்லது சமநிலை 45 விழுக்காடு" என்பதே சரி. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு, அது அளந்த எண் அல்ல. இரண்டாவது, நீலம் இரண்டு, பச்சை இரண்டு, சிவப்பு இல்லை என்ற சேர்க்கையைச் சிலர் "பொருள் கொள்ள முடியாதவை" என்ற கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். சென்ட்ரோமியருக்கும் முறிவுப் புள்ளிக்கும் (துண்டு உடைந்த இடம்) நடுவே குறுக்கேற்றம் (இணை சேர்ந்த குரோமோசோம்கள் பகுதிகளை மாற்றிக்கொள்வது) நடந்து, பிறகு இரண்டாம் வகைப் பிரிகை நடந்தால் வருவதுதான் அது. நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு, பச்சை இல்லை என்பதும், நீலமே இல்லாமல் பச்சை மட்டுமோ சிவப்பு மட்டுமோ இரண்டு இருப்பதும் அப்படித்தான். இவற்றை ஒதுக்கினால் சமநிலையற்றவற்றின் பங்கு குறைத்துக் காட்டப்படும்.

மூன்று நிறமும் இரண்டிரண்டாக இருந்தால் அது நான்கும் ஒரே பக்கம் போன விந்தணுவா, அல்லது குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டிப்பான விந்தணுவா என்று இந்த மூன்று புரோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இடமாற்றத்தில் பங்கு கொள்ளாத இன்னொரு குரோமோசோமின் சென்ட்ரோமியர் புரோப்பை நான்காவதாகச் சேர்க்க வேண்டும். 18 பெரும்பாலும் ஒத்துவரும். எக்ஸ், ஒய் புரோப் இதற்குத் தேவையில்லை. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தரிப்புக்கு முந்தைய நிலைக்கும் பொருந்தும் நாட்டில், தேவையில்லாத இடத்தில் எக்ஸ், ஒய் எண்ணிக்கையை அச்சிட்டுத் தம்பதிக்குத் தவறான எண்ணங்கள் வர இடம் கொடுப்பானேன்?

ராபர்ட்சோனியன் வகைக்குச் சென்ட்ரோமியர் புரோப்பைப் பயன்படுத்தவே கூடாது. 13-இன் சென்ட்ரோமியர் புரோப் 21-இலும் ஒட்டும்; 14-இனது 22-இலும் ஒட்டும். நீண்ட கைகளில் ஒட்டும் தனிப் புரோப்தான் வேண்டும், ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு நிறம். 11, 22 இடமாற்றத்திலும் இதே காரணத்தால் சென்ட்ரோமியரை 22-இலிருந்து எடுக்காமல் 11-இலிருந்து எடுக்க வேண்டும். விந்தணுவில் கை வைக்குமுன் அதே மனிதரின் இரத்தத்தில் இந்தப் புரோப்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். காரியோடைப் பட்டைகளை வைத்துச் சொல்லும் முறிவுப் புள்ளி தோராயமானது. பச்சை மாறிய 9-இலும் சிவப்பு மாறிய 4-இலும் ஒட்டுகின்றன, வேறெங்கும் ஒட்டவில்லை என்று, குரோமோசோம்கள் தனித்தனியே தெரியும் மெட்டாஃபேஸ் செல்களில் கண்ணால் பார்த்த பிறகே அந்தத் தேர்வு செல்லும். இந்தப் படி இல்லாத அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

இனி, எங்கள் கவலையின் பெரும்பகுதிக்கு வருகிறோம். சரியான புரோப் வாங்கிய ஆய்வகங்களும் ஸ்லைடில் கோட்டை விடுகின்றன.

விந்தணுவின் தலை, உடலின் மற்ற செல்களைப் போன்றதல்ல. டிஎன்ஏ, புரோட்டமின்கள் என்ற புரதங்களோடு இறுகிக் கிடக்கும். கந்தகப் பிணைப்புகள் அதைப் பூட்டி வைத்திருக்கும். அவற்றைத் தளர்த்தாமல் புரோப் உள்ளே போகாது. விந்து 37 டிகிரியில் நீர்த்த பிறகு, பிபிஎஸ் உப்புக் கரைசலில் கழுவி, மெத்தனால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் நிலைப்படுத்தி, ஸ்லைடில் சொட்டவிட்டு உலர்த்துகிறோம். பிறகு கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் டித்தியோத்ரெய்ட்டால், 5 முதல் 25 மில்லிமோலார் வரை, பிஎச் 8-ஐ ஒட்டிய டிரிஸ் கரைசலில். எத்தனை நிமிடம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஒரு மாதிரிக்கு 5 நிமிடம் போதும், இன்னொன்றுக்கு 20 நிமிடமும் போதாமல் இருக்கலாம். எண்ணிக்கை குறைந்தவர்களின் விந்தணுக்களில் பல சரியாக இறுகாதவை. அவை சீக்கிரம் ஊதிவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரிக்கும் முதலில் ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துச் சோதித்து, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தலை ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பெருத்திருக்க வேண்டும், வால் இன்னும் ஒட்டியிருக்க வேண்டும். போதாமல் ஊதினால் சிக்னலே வராது. மீறி ஊதினால் ஒரு சிக்னல் சிதறி இரண்டாகத் தெரியும், வாலும் உதிர்ந்துவிடும். வால் உதிர்ந்தால் அது விந்தணுவா, வெள்ளணுவா, முதிராத உருண்டைச் செல்லா என்று சொல்ல வழியில்லை. உருண்டைச் செல்களில் இரண்டு தொகுதிக் குரோமோசோம்களும் இருக்கலாம். அவற்றை எண்ணினால் இரட்டைச் சிக்னல்கள் பெருகிவிடும். டித்தியோத்ரெய்ட்டால் கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய புட்டியில் அது காற்றோடு வினைபுரிந்து வலுவிழந்திருக்கும். "இந்த மாதிரி ஹைப்ரிடைஸ் ஆகவில்லை" (புரோப் ஒட்டவில்லை) என்று திருப்பி அனுப்பும் மாதிரிகளில் பலவற்றுக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம்.

அடுத்து 2×எஸ்எஸ்சி உப்புக் கரைசலில் கழுவி, 70, 85, 100 விழுக்காட்டு எத்தனாலில் நீர் அகற்றி, புரோப் போட்டு, 73 முதல் 75 டிகிரியில் 5 நிமிடம் இழை பிரித்து, ஈரப்பெட்டியில் 37 டிகிரியில் ஓர் இரவு முழுவதும் வைக்கிறோம். மறுநாள் 0.4×எஸ்எஸ்சி, 0.3 விழுக்காடு என்பி-40 (சோப்பு போன்ற பொருள்) கரைசலில் 73 டிகிரியில் 2 நிமிடம் கழுவல். கழுவல் நீரின் வெப்பத்தை ஜாடிக்குள்ளேயே அளக்க வேண்டும். பாத் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஒரே நேரத்தில் நாலைந்து ஸ்லைடுகளை அமிழ்த்தினால் வெப்பம் சில டிகிரி இறங்கி, பின்னணி ஒளி தங்கிவிடும். இறுதியில் டிஎன்ஏவில் ஒட்டும் டாபி சாயம். நுனிப் புரோப் சிறியது, அதன் சிக்னல் ஒரு புள்ளியளவே இருக்கும். சென்ட்ரோமியர் சிக்னல் பெரியது, கண்ணைப் பறிக்கும். இரண்டையும் ஒரே ஃபில்டரில், ஒரே ஒளியளவில் பார்த்து எண்ணினால் சிறியது தவறிப்போகும்.

தவறிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த மடலின் மையக் கணக்கு. ஒவ்வொரு புரோப்பும் 97 விழுக்காட்டு விந்தணுக்களில் ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒட்டியிருக்கும் வாய்ப்பு 0.97-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது: 91.3 விழுக்காடு. அப்படியானால், மூன்று சிக்னலும் இருந்தே தீர வேண்டிய மாற்றுப் பிரிகை விந்தணுக்களில் கிட்டத்தட்ட 9 விழுக்காடு, ஒன்றை இழந்தது போலத் தோன்றும். நீலம் ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு இல்லை என்றால் அது மூன்றுக்கு ஒன்று பிரிகையின் அடையாளம். ஆக, ஒட்டாத புரோப் ஒரு நோயாக அறிக்கையில் ஏறுகிறது. ஒட்டும் திறன் 99 விழுக்காடானால் இந்தப் பிழை 3-க்கு இறங்குகிறது. ஒட்டும் திறன் எவ்வளவு என்று சொல்லாத அறிக்கையிலிருந்து மூன்றுக்கு ஒன்று பிரிகை பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. பிரிகையில் ஒரு பக்கம் போனதற்கு எதிர்ப்பக்கம் போனது ஒன்று இருந்தே ஆக வேண்டும். "நீலம் ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு இல்லை" என்பதன் எதிர்ப்பக்கம் "நீலம் ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு இரண்டு". இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். முன்னது 6 விழுக்காடு, பின்னது 1 விழுக்காடு என்றால் சிவப்புப் புரோப் ஒட்டவில்லை என்பதே பொருள். முதல் வகை அடுத்துப் பிரிகையின் இரண்டு சேர்க்கைகளும், இரண்டாம் வகையின் இரண்டு சேர்க்கைகளும் இப்படியே ஒப்பிடப்பட வேண்டும். எங்களிடம் வரும் பெரும்பாலான அறிக்கைகளில் சேர்க்கை வாரியான எண்ணிக்கையே கிடையாது. "சமநிலையற்றவை இத்தனை விழுக்காடு" என்று ஒரே வரி. அதைச் சரிபார்க்க யாருக்கும் வழியில்லை.

எண்ணும் விதியையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே நிறத்தின் இரண்டு புள்ளிகள் குறைந்தது ஒரு புள்ளியின் விட்டமளவு விலகி, ஒரே அளவிலும் ஒளியிலும் இருந்தால்தான் இரண்டு. ஒன்றன்மேல் ஒன்று விழுந்த தலைகளையும், ஓரம் கலைந்தவற்றையும் எண்ணக் கூடாது. இரண்டு பேர், ஒருவர் எண்ணியதை மற்றவர் அறியாமல், தனித்தனியே எண்ண வேண்டும். எத்தனை எண்ணுவது? உண்மை 50 விழுக்காடு என்றால், 100 விந்தணு எண்ணினால் விடை இரு பக்கமும் சுமார் 10 விழுக்காடு தள்ளாடும். 500 எண்ணினால் சுமார் 4.4. ஆயிரம் எண்ணினால் சுமார் 3.1. 200 மட்டும் எண்ணிவிட்டு "மூன்றுக்கு ஒன்று பிரிகை இல்லை" என்று எழுதுகிறார்கள். 200-இல் ஒன்றும் காணாவிட்டாலும் அது 1.5 விழுக்காடு வரை இருந்திருக்கலாம்.

புரோப்பை ஆளுக்கு ஆள் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கிறது, கட்டுப்படியாகவில்லை என்பது நீங்கள் சொல்லும் முதல் காரணம். அதை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் நுனிப் புரோப்களில் மொத்தமே 41 வகைகள்தான். அவற்றோடு சென்ட்ரோமியர் புரோப்களும் சேர்ந்தால் பெரும்பாலான பரிமாற்ற இடமாற்றங்களுக்குப் போதும். ராபர்ட்சோனியன் வகைக்கு 13, 14, 15, 21, 22 என ஐந்து போதும். எல்லா ஆய்வகமும் எல்லாவற்றையும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. நிலைப்படுத்திய விந்து மாதிரி மைனஸ் 20 டிகிரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மாதிரியை நிலைப்படுத்தி வைத்துவிட்டுப் புரோப்பை வரவழைக்கலாம், அல்லது அந்தக் குழாயை வசதியுள்ள வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அவசரப்பட்டுக் கையிலிருக்கும் தொகுப்பைப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

தொழில்நுட்பம் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது என்பது இரண்டாவது காரணம். 1978-இல் ஹவாயில் ருடாக், ஜேக்கப்ஸ், யானகிமாச்சி மூவரும் மனித விந்தணுவை வெள்ளெலி முட்டைக்குள் நுழையவிட்டு, விந்தணுக் குரோமோசோம்களை முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிய வைத்தார்கள். அந்த முறையில் ஒருவருக்குச் சில பத்து, சில நூறு விந்தணுக்களைப் பார்ப்பதே பெரும்பாடு. 1990-களில் ஃபிஷ் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் எண்ண முடிகிறது. இடமாற்றம் உள்ள நூற்றுக்கணக்கான ஆண்களின் பிரிகை அளவுகள் வெளியாகியுள்ளன. இதை இன்னும் ஆராய்ச்சி நிலை என்று சொல்வதற்கில்லை.

மருத்துவர்களிடம் சிறிது பேச வேண்டும். இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தம்பதிக்குத் தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் தெரிவதில்லை. எண்ணப்பட்ட விந்தணு ஸ்லைடிலேயே அழிந்துவிடுகிறது. அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாது. "நல்ல விந்தணுவைத் தேர்ந்தெடுத்து இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்வார்கள்" என்ற நம்பிக்கையோடு பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். உருவமும் நீந்தும் வேகமும் உள்ளே இருக்கும் குரோமோசோம்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. சமநிலையற்றவை 60 விழுக்காடு என்றால் பிறக்கும் குழந்தைகளில் 60 விழுக்காட்டினருக்குக் குறை இருக்கும் என்றும் பொருள் இல்லை. அத்தகைய கருக்களில் பெரும்பாலானவை பதியாமலோ கலைந்தோ போய்விடும். கூடும், குறையும் துண்டு பெரிதாக இருந்தால் கருச்சிதைவு. சிறிதாக இருந்தால்தான் குழந்தை பிறக்கும் நிலை வரை போகும் ஆபத்து அதிகம். இந்த வேறுபாட்டை விளக்காமல் ஒரு விழுக்காட்டை மட்டும் கையில் கொடுப்பது கொடுமை.

அதே நேரம், அந்த எண் பயனற்றதும் அல்ல. மனைவியின் முட்டைகளில் பிழை இல்லை என்று வைத்துக்கொண்டு பாருங்கள். சமநிலையற்றவை 75 விழுக்காடு என்றால், நான்கு கருக்கள் கிடைத்தும் அவற்றில் ஒன்றாவது சமநிலையில் இருக்கும் வாய்ப்பு 68 விழுக்காடுதான். 20 விழுக்காடு என்றால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய உறுதி. ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) இல்லாமலே முயலலாமா என்றுகூடப் பேசலாம். எத்தனை சுழற்சிகளுக்கு மனத்தையும் பணத்தையும் ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. ஊசி போட்டுக்கொள்பவர் மனைவி. கரு கலைந்தால் இரத்தப்போக்கைத் தாங்குபவரும், "உன் வயிற்றில் தங்கவில்லை" என்ற பேச்சைக் கேட்பவரும் அவரே. கணவரின் 4-ஐயும் 9-ஐயும் பார்க்காத ஒரு "இயல்பு" அறிக்கை, அந்தப் பழியை அவர் மேல் இன்னும் அழுத்தமாக ஏற்றிவிடுகிறது. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

மூன்று மாதம் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்து, மறுபடியும் விந்தணு ஃபிஷ் எடுக்கச் சொல்லும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். முறிவுப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன, துண்டுகள் எவ்வளவு நீளம், குறுக்கேற்றம் எங்கே நடக்கிறது என்பவையே பிரிகையைத் தீர்மானிக்கின்றன. ஒருவரின் பிரிகை அளவு காலப்போக்கில் பெரிதாக மாறுவதில்லை. ஒரே இடமாற்றம் உள்ள சகோதரர்களிடமும் நெருக்கமாகவே இருக்கும். நன்றாகச் செய்யப்பட்ட ஒரு சோதனை போதும். 21-உம் 21-உம் ஒட்டிய நிலையில் சோதனையே தேவையில்லை: எந்த விந்தணுவிலும் ஒன்று 21 கூடுதலாக இருக்கும், அல்லது 21 அறவே இருக்காது. அவருக்கு இதை எழுதிக்கொடுத்துக் கட்டணம் வாங்குவது தகாது.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் குடும்பங்களில் ஒரே இடமாற்றம் கணவன் மனைவி இருவரிடமும் இருக்கலாம். கணவரிடம் கண்டவுடன் அங்கேயே நின்றுவிடாமல் மனைவியின் காரியோடைப்பையும் பார்க்க வேண்டும். மனைவியிடம் மட்டும் இடமாற்றம் இருந்தால் விந்தணுச் சோதனையால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம், ஏனென்றால் அந்நிலையிலும் கணவருக்கு ஐந்து குரோமோசோம் தொகுப்பு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

ஆய்வக இயக்குநர்களிடம் எங்கள் கோரிக்கைகள் இவை. இடமாற்றம் உள்ளவர்களுக்கு ஐந்து குரோமோசோம் தொகுப்பை இடமாற்றச் சோதனையாக வழங்குவதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே அப்படிப் பெற்றுச் சென்றவர்களுக்கு, "உங்கள் இடமாற்றத்தில் பங்குகொள்ளும் குரோமோசோம்கள் இந்தச் சோதனையில் பார்க்கப்படவில்லை" என்ற திருத்த அறிக்கையைக் கட்டணம் இல்லாமல் அனுப்புங்கள். காரியோடைப் அறிக்கை இணைக்கப்படாத விந்தணு ஃபிஷ் கோரிக்கையை ஏற்காதீர்கள். காரியோடைப்புக்காக எடுத்த இரத்த செல்களின் மிச்சத்தை அறிக்கை முடிந்ததும் கொட்டிவிடாமல் புரோப் சரிபார்க்க வைத்திருங்கள். அந்தச் சரிபார்ப்பின் படத்தை அறிக்கையோடு சேருங்கள். மாதிரி இடம் கொடுத்தால் 1,000 விந்தணு எண்ணுங்கள். 500-க்குக் குறைந்தால் காரணத்தை எழுதுங்கள். ஒவ்வொரு சிக்னல் சேர்க்கையின் எண்ணிக்கை, ஒவ்வொரு புரோப்பின் ஒட்டும் திறன், எதிர்ப்பக்க ஜோடிகளின் ஒப்பீடு, 95 விழுக்காட்டு நம்பக எல்லை நான்கும் அச்சில் இருக்க வேண்டும். "இயல்பு" என்ற தனிச் சொல்லை நீக்கி "இயல்பு அல்லது சமநிலை" என்று மாற்றுங்கள். செய்ய முடியாத ஆய்வகம் மாதிரியை நிலைப்படுத்திச் செய்ய முடிந்த இடத்துக்கு அனுப்பட்டும்.

மருத்துவர்களிடம் கேட்பது: விந்தணுச் சோதனைக்கு முன் இருவரின் காரியோடைப்பையும் எடுங்கள். கோரிக்கைப் படிவத்தில் முறிவுப் புள்ளிகளை எழுதுங்கள். எண்ணிய விந்தணு அழிந்துவிடும், சமநிலையற்ற விந்தணுவின் பங்கு குழந்தைக்கான ஆபத்தின் அளவு அல்ல, மாத்திரையால் இது மாறும் என்பதற்குச் சான்று இல்லை, கரு உருவான பிறகு அதைச் சோதிக்கும் வழி தனியாக உண்டு என்ற நான்கையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, சோதனைக்குக் கையெழுத்து வாங்கும் முன் தம்பதியிடம் கொடுங்கள். கலந்தாய்வில் கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காரட்டும்.

எந்தப் புரோப், எத்தனை விந்தணு, எந்த எண்ணும் விதி என்பதை ஒவ்வொரு ஆய்வகமும் மூன்று மாதத்துக்குள் தன் சோதனைப் பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். புரோப் தேர்வுக்கும் ஸ்லைடு சரிபார்ப்புக்கும் எங்கள் உதவி வேண்டுமானால் செய்யத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செல் மரபியல் ஆய்வகப் பணியாளர்கள்